மில்கா சிங்கின் 45.73 விநாடிகள்

ஓட்டப் பந்தயத்தில் நான்காவதாக வந்தவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அரிது. பதக்கங்கள் மூன்றுதான், மேடையில் படிகளும் மூன்றுதான். ஆனால் 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ரோம் ஒலிம்பிக் அரங்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நான்காவதாக வந்த ஒருவரை நம் நாடு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மறக்கவில்லை. அவர்தான் மில்கா சிங்.

அன்று முதலிடம் பெற்ற அமெரிக்கர் ஓடிஸ் டேவிசுக்கும், இரண்டாமிடம் பெற்ற ஜெர்மானியர் கார்ல் காஃப்மனுக்கும் கைக்கடிகாரக் கணக்கில் ஒரே நேரம்: 44.9 விநாடி. இருவருமே உலகச் சாதனை படைத்தவர்கள் ஆயினர். மூன்றாவது, தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ், 45.5. நான்காவது மில்கா, 45.6. மின்முறைக் கடிகாரம் காட்டிய நேரமோ ஸ்பென்சுக்கு 45.60, மில்காவுக்கு 45.73. இடைவெளி 0.13 விநாடி. ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் ஒருவர் விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடுகிறார் என்று கொண்டால், அந்த இடைவெளி தரையில் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல். ஒரு தாவல் தூரம்கூட இல்லை!

இந்த ஒரு மீட்டரைச் சுற்றிக் கதைகள் பல வளர்ந்துவிட்டன. மில்கா பாதி வழியில் திரும்பிப் பார்த்தார், அதனால் தோற்றார் என்பது ஒன்று. அவர் தோற்றாலும் உலகச் சாதனையை முறியடித்தார் என்பது மற்றொன்று. இரண்டாவதை உடனே தீர்த்துவிடலாம். ரோம் போட்டிக்கு முன்பிருந்த உலகச் சாதனை 45.2 விநாடி, அதை 1956இல் ஓடியவர் அமெரிக்கர் லூ ஜோன்ஸ். மில்கா ஓடிய 45.6 அதற்குக் கீழே வரவில்லை. ரோமுக்கு முன்பிருந்த ஒலிம்பிக் சாதனையான 45.9ஐத்தான் அவர் கடந்தார். அதுவே சிறிய செயலன்று; அதற்கு மேல் இல்லாத மாலையை அவர் கழுத்தில் நாம் போட வேண்டியதில்லை. முதல் கதை அப்படி எளிதில் தீராது. அதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். அதற்கு முன் இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம்.

ஒரு குவளைப் பால்

மில்கா 1929ஆம் ஆண்டு வாக்கில், இன்று பாகிஸ்தானில் உள்ள கோவிந்தபுரா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1947ஆம் ஆண்டு தேசப் பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரையும் உடன்பிறந்தோர் சிலரையும் கண்ணெதிரே இழந்தார். உயிர் தப்பி டில்லிக்கு வந்து, அகதி முகாம்களில் அலைந்து, ரயிலில் சீட்டு இல்லாமல் போனதற்காகச் சிறைக்கும் சென்றார். தமக்கை நகையை விற்று மீட்டார். ராணுவத்தில் சேர மூன்று முறை முயன்று, நான்காம் முறைதான் இடம் கிடைத்தது.

செகந்திராபாத் ராணுவ முகாமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நெடுந்தூர ஓட்டம் வைத்தார்கள். முதல் பத்துப் பேருக்குச் சிறப்புப் பயிற்சியும் நாள்தோறும் கூடுதலாக ஒரு குவளைப் பாலும் உண்டு என்றார்கள். மில்கா ஆறாவதாக வந்தார். பாலுக்காகத்தான் ஓடினேன் என்று அவரே பின்னாளில் ஒளிவில்லாமல் சொல்லியிருக்கிறார். 400 மீட்டர் என்றால் என்னவென்றே தமக்கு அப்போது தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

நம் அல்லிநகரத்திலும் விடியற்காலையில் இருள் பிரியுமுன் பெரியகுளம் சாலையோரம் ஓடும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடுகிறவர்கள் அவர்கள். பதக்கத்துக்காக ஓடுபவர் அவர்களுள் எத்தனை பேர்? வேலைக்காக ஓடுவது குறைவான நோக்கம் என்று நினைப்பவர்கள் மில்காவின் பாலை நினைத்துப் பார்க்கலாம்.

வீரனுக்கு ஒரு வீரன்

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்கு மில்கா சென்றார். தொடக்கச் சுற்றிலேயே வெளியேறினார். ஆனால் ஊர் திரும்புமுன் அவர் ஒரு காரியம் செய்தார். அந்த ஆண்டு 400 மீட்டரில் 46.7 விநாடியில் தங்கம் வென்ற அமெரிக்கர் சார்லஸ் ஜென்கின்ஸைத் தேடிப் போனார். ஆங்கிலம் வராத நிலையில், மற்றொருவரின் உதவியோடு, 'நீங்கள் எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள்?' என்று கேட்டார். ஜென்கின்ஸும் தம் பயிற்சி முறையை மறைக்காமல் கொடுத்தார். எதிராளிக்குத் தன் பயிற்சி முறையையே எடுத்துக் கொடுக்கும் பெருந்தன்மை விளையாட்டுலகில் அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள்; அது அங்கே வழிவழியாக இருந்து வந்த ஒன்று.

பின்லாந்து நாட்டைப் பாருங்கள். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹான்னஸ் கோலெமைனன் நெடுந்தூர ஓட்டங்களில் மூன்று தங்கம் வென்றார். அச்செய்தியைக் கேட்ட பாவோ நூர்மி என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் ஓடத் தொடங்கினான். அந்த நூர்மி பின்னர் 9 ஒலிம்பிக் தங்கங்களை வென்றார். அவர் கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு ஓடுவார். பக்கத்தில் ஓடுபவரைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பதே அவர் வழக்கம். நூர்மியைத் தம் ஆதர்சமாகக் கொண்டவர் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாட்டோபெக். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் பல பத்து முறை, இடையிடையே மெல்ல ஓடி, திரும்பத் திரும்ப ஓடுவார். கனத்த ராணுவக் காலணிகளோடு ஓடியதும் உண்டு. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றையும் அவர் வென்றார். அந்த அரங்கில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியவர்கள் யார் தெரியுமா? நூர்மியும் கோலெமைனனும்! குருவின் குருவும், குருவும் விளக்கேற்ற, சீடர் ஓடினார்.

விட்டு விட்டு ஓடும் இந்த முறையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனவர்கள் ஜெர்மனியின் பயிற்சியாளர் கெர்ஷ்லரும், இதய மருத்துவர் ரைண்டெலும். சிறிது தூரம் வேகமாக ஓடு; நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறட்டும்; பிறகு ஓய்வு; துடிப்பு 120க்கு இறங்கியதும் மீண்டும் ஓடு. இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேலானால் அன்றைய வேலை அதிகம் என்று பொருள். ஓடுவோரின் உடலையே அளவு கருவியாக்கிய எண்ணம் இது. கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 400 மீட்டரை 46.0 விநாடியிலும், 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியிலும் ஓடி உலகை வியக்கச் செய்தார். ஐந்தாண்டுகளில் போர் அவரைக் கொண்டு போய்விட்டது.

மெல்போர்னிலிருந்து திரும்பிய மில்காவுக்கு ஜென்கின்ஸின் நேரமே இலக்காயிற்று. 1958ஆம் ஆண்டு அவருடைய ஆண்டு. கட்டாக்கில் தேசியப் போட்டி, டோக்கியோவில் ஆசியப் போட்டி. இரண்டிலும் 200 மீட்டர், 400 மீட்டர் இரண்டும் அவருக்கே. பின்னர் கார்டிஃப் நகரில் காமன்வெல்த் போட்டி. அங்கே ஓட வேண்டிய தூரம் 440 கெஜம், அதாவது 402.34 மீட்டர். அதை 46.6 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஜென்கின்ஸ் 400 மீட்டருக்கு எடுத்துக்கொண்ட 46.7ஐ நினைவில் கொள்ளுங்கள்: மில்கா இரண்டே கால் மீட்டர் கூடுதலாக ஓடியும் பத்தில் ஒரு விநாடி முன்னதாக முடித்திருக்கிறார். கார்டிஃபில் இரண்டாவதாக வந்தவர் வேறு யாருமல்லர், ரோமில் மில்காவை முந்திய அதே மால்கம் ஸ்பென்ஸ். பிரதமர் நேரு, மில்காவின் வேண்டுகோளை ஏற்று நாடு முழுவதற்கும் ஒரு நாள் விடுமுறை அளித்தார்.

மணலும் இரத்தமும்

மில்காவின் பயிற்சியைப் பற்றி அவர் சொன்னவை கேட்பவரை நடுங்க வைக்கும். ஆற்று மணலில் ஓடினார். மலைச் சரிவில் ஓடினார். வியர்வையில் உடை நனைந்து பிழியும்வரை ஓடினார். இரத்த வாந்தி எடுத்தும், மயங்கி விழுந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டும் ஓடினார்.

மணலில் ஓடுவதன் பயன் என்ன? வைகை மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குக் கால் சொல்லும் பதிலை, பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் 1998இல் அளந்து சொன்னார்கள்: கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் மணலில் செலவாகிறது. கெட்டித் தரையில் கால் ஊன்றும்போது தசைநாண்கள் வில்லைப்போல் வளைந்து ஆற்றலைச் சேமித்து, தூக்கும்போது திருப்பித் தருகின்றன. மணலோ நகர்ந்து போகிறது. நீங்கள் கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி மணல் துகள்களை உராயச் செய்து வெப்பமாகிவிடுகிறது; திரும்பி வருவதில்லை. ஆகவே வேகம் குறைந்தாலும் உழைப்பு மிகுதி, மூட்டுகளுக்கு அதிர்ச்சியும் குறைவு.

இரத்த வாந்தியைப் பற்றி ஒரு சொல். அதை வீரத்தின் அடையாளமாக மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மில்கா வென்றது அதனால் அன்று. அதையும் மீறி வென்றார். கூடவே ஒரு மருத்துவரும் நாடித்துடிப்பை எண்ணும் ஒரு பயிற்சியாளரும் தொடக்கத்திலிருந்தே இருந்திருந்தால் அவர் இன்னும் வேகமாக ஓடியிருக்கக் கூடும். நெஞ்சு வலித்தாலும் தலை சுற்றினாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

காந்தம் கட்டி ஓடியவர்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். 400 மீட்டர் ஓட்டத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது?

இங்கிலாந்தின் ஏ. வி. ஹில், தசை இயக்க ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றவர், தாமும் ஓடுபவர். 1927இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் ஓட்டக்காரர்களின் வேகத்தை அளந்த விதம் இயற்பியல் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஓடுபவர் உடலில் காந்தமாக்கிய ஓர் எஃகுத் தகட்டைக் கட்டிக்கொள்வார். ஓடுதடத்தின் ஓரமாகக் குறித்த தூரங்களில் கம்பிச் சுருள்கள். காந்தம் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டுக் கால்வனாமீட்டர் துடிக்கும். ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான்! எந்த இடத்தை எந்தக் கணத்தில் கடந்தார் என்பது இவ்வாறு துல்லியமாகப் பதிவாயிற்று. ஓடுபவர் சில விநாடிகளில் உச்ச வேகத்தை எட்டுகிறார், அதற்கு மேல் ஏற முடிவதில்லை என்பது வரைபடத்தில் தெரிந்தது.

ஹில் இன்னொன்றையும் விளக்கினார். மெதுவான ஓட்டத்தில் மூச்சில் வரும் ஆக்சிஜனே ஆற்றலுக்குப் போதும். விரைந்த ஓட்டத்தில் போதாது. உடல் கடன் வாங்குகிறது. ஓடி முடித்தபின் வெகுநேரம் மூச்சு வாங்குவது அந்தக் கடனை அடைக்கத்தான் என்றார். அன்றைய புத்தகங்கள் லாக்டிக் அமிலமே களைப்பைத் தரும் நஞ்சு என்று எழுதின. இன்று அக்கருத்து மாறிவிட்டது. லாக்டேட்டைத் தசைகளும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன என்று அறிகிறோம். 400 மீட்டரில் ஆற்றலின் நாற்பது விழுக்காட்டுக்கு அருகில் மூச்சின் வழி வருகிறது, மீதி கடன். கடனுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை ஏறக்குறைய முடிவுக் கோட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவதுதான் இந்த ஓட்டத்தின் கொடுமை.

1973இல் ஜோசப் கெல்லர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் ஹில்லின் எண்ணங்களைச் சமன்பாடுகளாக்கி, ஒருவர் தம் கையிருப்பு ஆற்றலை எப்படிச் செலவிட்டால் மிகக் குறைந்த நேரத்தில் ஓடலாம் என்று கணக்கிட்டார். விடை சுவையானது. 291 மீட்டர் வரை: தொடக்கம் முதல் முடிவு வரை முழுப் பலத்தோடு ஓடு. அதற்கு மேற்பட்ட தூரமானால்: ஓரிரு விநாடிகள் முழுப் பலத்தோடு முடுக்கி, பின்னர் ஒரே சீரான வேகத்தில் ஓடு. 400 மீட்டர் இந்த எல்லைக்குச் சற்றே அப்பால் நிற்கிறது.

சீரான வேகம் ஏன் சிக்கனம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 45.7 விநாடியில் 400 மீட்டர் என்றால் சராசரி வேகம் விநாடிக்கு 8.75 மீட்டர். அதாவது மணிக்கு 31 கிலோமீட்டருக்கு மேல். சந்தை நாளில் நம் கடைவீதியில் பஸ் போகும் வேகத்தைவிட இது அதிகம். இதே நேரத்தை, முதல் 200 மீட்டரை 9.5 மீட்டர் வேகத்திலும் அடுத்த 200 மீட்டரை 8.1 மீட்டர் வேகத்திலும் ஓடியும் எட்டலாம். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. 9.5, 8.1 இரண்டின் இருபடிகளின் சராசரி சுமார் 77.9, 8.75இன் இருபடி 76.6. காற்றை விலக்கும் செலவு கிட்டத்தட்ட நூற்றுக்கு இரண்டு பங்கு கூடிவிடுகிறது. சிறிய தொகைதான். ஆனால் 0.13 விநாடி என்பது 45.73இல் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லையே!

கார்டிஃபும் ரோமும்

கார்டிஃபில் மில்காவுக்கு வழிகாட்டியவர் டாக்டர் ஆர்தர் ஹோவர்டு என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர். ஸ்பென்ஸ் முன்பகுதியில் அடக்கி ஓடிக் கடைசியில் பாய்பவர். ஆகவே நீ தொடக்கம் முதலே முழு வேகத்தில் போ, அவர் குழம்பிவிடுவார் என்று அவர் சொன்னதாக மில்கா பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படியே ஓடினார், வென்றார். ரோமில் நிகழ்ந்ததாக அவர் சொன்னது: 250 மீட்டர் வரை முன்னணியில் ஓடினேன், இந்த வேகம் கடைசிவரை தாங்காது என்று அஞ்சிச் சற்றே தளர்த்தினேன், மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன், அந்தப் பிழையை ஈடுசெய்ய முடியவில்லை.

கெல்லரின் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், 'அஞ்சியது சரிதானே? முதலில் மிக வேகமாக ஓடியதுதானே தவறு?' என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் உண்மையான ஓட்டங்கள் கெல்லருக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க் 43.03 விநாடியில் உலகச் சாதனை படைத்த ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு நூறு மீட்டர்களுக்கும் அவர் எடுத்த நேரம் முறையே சுமார் 10.7, 9.8, 10.5, 12.0 விநாடி. முதல் பாதி 20.5, இரண்டாம் பாதி 22.5. உலகிலேயே வேகமாக ஓடியவரும் கடைசி நூறில் விநாடிக்கு 10 மீட்டரிலிருந்து 8.3 மீட்டருக்கு இறங்கியிருக்கிறார்! நாம் அரங்கில் அமர்ந்து, 'கடைசியில் என்ன பாய்ச்சல்!' என்று கைதட்டும்போது உண்மையில் எவரும் பாய்வதில்லை. எல்லாரும் தளர்கிறார்கள், குறைவாகத் தளர்பவர் பாய்வதுபோல் தோன்றுகிறார். கார்டிஃபுக்கு முன் ஹோவர்டு சொன்ன சூத்திரத்தின் பொருளும் இதுதான்.

ஆகவே ரோமில் பிழை என்று ஒன்று இருந்தால், அது முன்பாதியின் வேகத்தில் இல்லை. நடுவில் தானாகவே தளர்த்தியதில் இருக்கிறது. ஏனெனில், தளர்த்திய வேகத்தை மீண்டும் பெற வேண்டுமானால் உடலின் நிறை முழுவதையும் மறுபடி முடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆற்றல், கடன் எல்லை நெருங்கும் 250ஆம் மீட்டரில் எங்கிருந்து வரும்? திரும்பிப் பார்த்தது அதற்கு முன் சிறு விஷயம். வான் நீகெர்க் ஓடியது எட்டாவது தடத்தில், வெளி ஓரத்தில். அவருக்கு முன்னால் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. அது அவருக்கு நல்லதாய்ப் போயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல்விக்கு மில்கா தம்மைத்தவிர வேறு எவரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் அவருக்கு முன் சென்ற மூவரில் இருவர் உலகச் சாதனையைத் தகர்த்தவர்கள். அத்தகைய ஓட்டத்தில் ஒரு மீட்டர் பின்தங்கியதைப் பிழை என்ற ஒரே சொல்லில் அடக்குவது நியாயமாகாது. நமக்கு இதே போன்ற மற்றொரு காயம் 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் உண்டாயிற்று. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 விநாடி, மூன்றாவதாக வந்தவர் 55.41. நூறில் ஒரு விநாடியைத் தூரமாக்கினால் சுமார் 7 சென்டிமீட்டர்.

கட்டை விரலின் கணக்கு

மில்காவின் ரோம் நேரம் தேசியச் சாதனையாக 38 ஆண்டுகள் நின்றது. 1998இல் கல்கத்தாவில் பரம்ஜீத் சிங் 45.70 விநாடியில் ஓடினார். உடனே ஒரு தகராறு எழுந்தது: மில்காவின் நேரம் 45.6 அல்லவா, 45.70 எப்படிச் சாதனையாகும்?

இங்கே அளவையியல் உதவிக்கு வருகிறது. கைக்கடிகாரத்தை இயக்குபவர் துப்பாக்கிப் புகையைக் கண்டபின்தான் பொத்தானை அழுத்துகிறார். கண்ணிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து கட்டை விரலுக்கும் செய்தி போகச் சிறிது நேரம் பிடிக்கிறது. முடிவுக் கோட்டில் அப்படியில்லை. ஓடுபவர் வருவதை முன்கூட்டியே பார்த்து விரல் தயாராகிவிடுகிறது. ஆகவே கைக்கடிகாரம் எப்போதும் நேரத்தைக் குறைத்தே காட்டும். 400 மீட்டர் ஓட்டத்துக்கு இந்த வேறுபாடு 0.14 விநாடி என்று சர்வதேசத் தடகள விதிகள் கொண்டன. 45.6ஓடு 0.14ஐக் கூட்டினால் 45.74, மின்முறைக் கடிகாரம் காட்டியதோ 45.73! இரண்டும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன பாருங்கள். எனவே பரம்ஜீத் 0.03 விநாடி, சுமார் 26 சென்டிமீட்டர், முந்தியது உண்மையே.

அதன்பின் சாதனை பல கைகள் மாறியது. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கே. எம். பினு 45.48, 2019இல் முகமது அனஸ் 45.21. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டியில் தமிழ்நாட்டின் விஷால் 45.12 விநாடியில் ஓடினார். மில்காவின் ரோம் ஓட்டத்தோடு ஒப்பிட்டால் 0.61 விநாடி, ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் மில்கா ஓடியது கரித்துகள் பரப்பிய தடம். கால் ஊன்றியதும் ஓரளவு மணலைப்போல் நழுவுவது. செயற்கை இழைத் தடம் ஒலிம்பிக்குக்கு வந்தது 1968இல், மெக்சிகோவில்தான். அவரும் இவரும் ஒரே தடத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதை அவரவர் கற்பனைக்கு விட்டுவிடலாம்.

மில்கா 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் மேலும் இரு தங்கங்கள் வென்றார். ஓய்வு பெற்ற பின்னும், முதுமை வரையிலும், ஓடுவதை விடவில்லை. 2021 ஜூன் 18 அன்று சண்டிகரில் கொரோனாவுக்குப் பின் வந்த சிக்கல்களால் காலமானார். ஐந்து நாள் முன்னதாகத்தான் அவர் மனைவி, இந்திய வாலிபால் அணியின் முன்னாள் தலைவி நிர்மல் கௌர் மறைந்திருந்தார்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: 400 மீட்டர் வட்டம் உள்ள மைதானத்தில் 100, 200, 300, 400 மீட்டர் குறிகளில் நால்வர் கைப்பேசிக் கடிகாரங்களோடு நிற்கட்டும். விசில் ஊதித் தொடங்காதீர்கள். ஒலி 100 மீட்டரைக் கடக்க 0.3 விநாடி ஆகும்; எதிர்ப்புறம் நிற்பவரின் கடிகாரம் தாமதமாகத் தொடங்கும். ஒரு வெள்ளைத் துணியை உயர்த்தி, சட்டென்று இறக்கித் தொடங்குங்கள். ஓடுபவர் சில நாள்களாவது ஓடிப் பழகியவராகவும், அன்று நன்றாக உடம்பைச் சூடேற்றிக் கொண்டவராகவும் இருக்க வேண்டும். நான்கு நேரங்களையும் எழுதி, ஒன்றிலிருந்து அடுத்ததைக் கழித்து, ஒவ்வொரு நூறு மீட்டரின் வேகத்தையும் வரைபடமாகப் போடுங்கள். வான் நீகெர்க்கின் வரைபடத்தையும் அதே தாளில் பக்கத்தில் வரையுங்கள்.